கிரவுண்டு தேர்ந்தெடுத்த மாடு

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு பொருளை நகர்த்தத் தெரிந்த மனிதர் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் வெறுமனே இழுத்துக்கொண்டிருந்தார்கள். இப்படிச் சொன்னவர் வேறு யாருமில்லை, அவரேதான்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஆலங்காயத்தில் குமாஸ்தா. ஆபீசுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த அவரை ஊரே 'கிரவுண்டு' என்றது. வடக்கே ஏதோ விமான நிலையத்தில் விமானங்களைத் தரையில் இழுத்து நிறுத்தும் வேலை பார்த்தாராம். "பறக்கறது இன்னா பெரிய வேல? கீழ நகத்திப் பாரு, தெரியும்" என்பார். யாரும் நம்பவில்லை. "பிளேன் தொடைக்கிற துணியக்கூடப் பாத்திருக்க மாட்டாரு" என்று டீக்கடையில் அவர் காதில் விழும்படியே சிரிப்பார்கள். மனிதர் தலையைக் குனிந்து பஞ்சர் ஒட்டுவார்.

ஆபீஸ் பீரோவை அடுத்த அறைக்கு மாற்ற அவரைக் கூப்பிட்டது என் தப்பு. எந்தக் கயிறு, எந்தப் பலகை என்று தேர்ந்தெடுக்கவே மூன்று நாள். நகர்த்தி முடித்ததும் பீரோவின் அடியில் இரண்டு கல்லை முட்டுக்கொடுத்தார்.

"அண்ணே, பீரோவுக்குச் சக்கரமே இல்லியே?"

"பழக்கம் வுட்டுப் போயிடக் கூடாது தம்பி."

ஒரு கோடையில், வயலுக்கு மருந்து தெளிக்கும் சின்ன விமானம் ஒன்று மக்கர் செய்து எங்கள் வறண்ட ஏரிக்குள் இறங்கியது. பைலட் இன்ஜினைச் சரிசெய்துவிட்டார். ஆனால் மேலே காய்ந்து அடியில் ஈரமாயிருந்த மண்ணில் சக்கரங்கள் புதைந்திருந்தன. மலைமேல் கருமேகம் வேறு. மழை பிடித்தால் அடுத்த கோடைவரை விமானம் ஏரிக்குள்தான். மலை பஸ்ஸைத் தள்ளித் தள்ளியே உரமேறிய ஊர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியது.

"கை வெக்காதீங்கடா! வாலு கையோட வந்துடும்!"

கிரவுண்டுதான். இழுக்க எது சரி என்று பரீட்சை வைத்தார். இழுப்பதன் பின்னால் ஒரு பலகையைக் கட்டி, அதன்மேல் டம்ளர் நிறைய டீ. இழுக்கும்போது தளும்பக் கூடாது. டிராக்டர் கிளம்பியதுமே டம்ளர் கவிழ்ந்தது. கரும்பு வண்டி மாடுகள் பின்வாங்கி டம்ளரையே மிதித்தன. முதல் தூறல் விழுந்தது.

"சார், மழை வந்துடுச்சு!" என்று பைலட் அலறினார்.

"அவசரப்பட்டா ரெக்க போயிடும்ங்க."

கடைசியில் தேறியது எண்ணெய்ச் செக்கு மாடு. டீ அசையவே இல்லை. ஊர் கொல்லென்று சிரித்தது.

சக்கரங்களைத் தாங்கும் கால்களில் கயிறு கட்டினார். மாடு நடந்தது, சக்கரங்கள் மேலே வந்தன. பத்தடி போனதும் மாடு வட்டமடிக்க ஆரம்பித்தது.

"நேரா ஓட்டுய்யா!" என்று ஊர் கத்தியது.

"அதுக்கு நேருன்னா இதாங்க" என்றார் செக்குக்காரர்.

பின்னாலேயே விமானமும் திரும்பியது. ஏரிக்கரையைப் பார்த்திருந்த மூக்கு இப்போது வெட்டவெளியைப் பார்த்தது.

"திருப்பணும்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே!" என்றார் பைலட். கிரவுண்டு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். கயிற்று முடிச்சையும் கற்களையும் பார்த்த பைலட், "நீங்க எந்த ஏர்போர்ட்ல இருந்தீங்க?" என்று கேட்டார்.

இந்த முறை டீக்கடைக் கூட்டம் தலை குனிந்தது. கிரவுண்டு கல்லை இன்னொரு முறை உள்ளே தட்டினார்.

விமானம் கிளம்பியபோது நாங்களெல்லாம் அண்ணாந்து கத்தினோம். அவர் மட்டும் குனிந்து சக்கரத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மேல பாருங்க!"

"அது என் டிபார்ட்மெண்ட் இல்ல தம்பி."

இன்றும் விமானச் சத்தம் கேட்டால் எல்லாரும் வானத்தைப் பார்க்கிறார்கள். நான் தரையைப் பார்க்கிறேன். அங்கேதான் எனக்குப் பிடித்த மனிதர் நின்றுகொண்டிருக்கிறார்.