வெறுங்கண்ணுக்குத் தெரியும் பச்சை

அரசாங்க ஆய்வு எந்த மாதத்திலும் நடக்கலாம் என்பது விதி. குற்றாலத்திலுள்ள எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்கு மட்டும் அது சாரல் மாதத்தில்தான் வரும். இந்த வருஷமும் மேற்படி ஆய்வை முன்னிட்டு, ஆய்வு அதிகாரி ஆவுடைநாயகம் சார் ஒரு ஃபைலோடும் இரண்டு துண்டோடும் வந்து இறங்கினார்.

ஸ்ரீவித்யா மேடம் இரண்டு வருஷமாக மனித ஸ்டெம் செல்லைப் பச்சையாக ஒளிரும்படி வளர்த்து வந்தார். எந்தச் செல் எங்கே போகிறது என்று பின்தொடர அந்த ஒளிதான் அடையாளம். சார் சான்று கொடுத்தால்தான் மேடத்துக்கும், உதவியாளனான எனக்கும் வேலை நீடிக்கும்.

சார் செல் இருந்த தட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"பச்சையையே காணோமே?"

"நீல வெளிச்சத்துல, மைக்ராஸ்கோப்ல பாத்தாத்தான் தெரியும் சார்."

"படிவத்துல 'வெறுங்கண்ணால் சரிபார்க்கப்பட்டது'ன்னுதாம்மா இருக்கு. நீல வெளிச்சத்துக்குக் கட்டமே இல்லையே! மூணு நாள் டைம் தாரேன்."

அந்த மூன்று நாளும் சார் ஐந்தருவியை ஆய்வு செய்தார். மேடத்தை, முந்நூறு பக்க அறிக்கைக்கு மூன்று நகல் எடுத்துப் பக்கத்துக்குப் பக்கம் சான்றொப்பம் வாங்கிவர, தென்காசிக்கு விரட்டினார். ஈரத்துண்டை என்னிடம் நீட்டினார். நீங்களே சொல்லுங்க, சாரலில் எந்தத் துணி காயும்? கூடத்திலேயே எப்போதும் வெதுவெதுப்பாக இருப்பது செல் வளர்க்கும் பெட்டி ஒன்றுதான். மேலிடத்துத் துண்டாச்சே என்று பயபக்தியோடு உள்ளே விரித்துப் போட்டேன். அது காயவில்லை என்பது வேறு விஷயம்.

நாலாம் நாள் பெட்டியைத் திறந்த மேடம் அலறிவிட்டார்.

"அண்ணாச்சி! இதுக்குள்ள என்னத்த வச்சிய? அத்தனையும் பூசணம் புடிச்சிப் போச்சே!"

தரையில் உட்கார்ந்து அழுதார்.

சார் தட்டை வாங்கி ஜன்னலோரம் பிடித்தார். முகம் மலர்ந்தது.

"பேஷ்! பச்சை பளிச்சுன்னு தெரியுதே!"

"சார், அது பூசணம். செல்லெல்லாம் செத்துப்போச்சு."

"பூசணத்துக்குப் படிவத்துல கட்டம் இல்லம்மா. பச்சைக்கு இருக்கு. பச்சைன்னா ரெண்டு வருஷம் நீட்டிப்பு. இல்லன்னா இன்னைக்கே கூடத்தைப் பூட்டணும். எப்படி வசதி?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் பேனாவை நீட்டினேன்.

'திட்டம் மாபெரும் வெற்றி' என்று அறிக்கை போயிற்று. அடுத்த ஆய்வுக்குள் பச்சை இன்னும் அடர்த்தியாக இருத்தல் வேண்டும் என்று உத்தரவும் வந்துவிட்டது. இப்போது சாரலும் இல்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது. மேடமே வாளியில் துண்டை முக்கியெடுத்து என்னிடம் தருகிறார்.

"பிழிஞ்சிராம அப்படியே போடுங்கண்ணாச்சி."