குடுக்கைக்குள் அடைத்த குளிர்காற்று

ஹர்மட்டான் காற்றைப் பிடித்துச் சுரைக்குடுக்கையில் ஒருவன் அடைத்து வைத்திருக்கிறான் என்ற செய்தி பரவியதும், எங்கள் தமாலேயில் பாதி ஊர் வேலையைப் போட்டுவிட்டு ஓடியது. மீதிப் பாதி மோட்டார் சைக்கிளில் போனது.

மார்ச் மாதம். புழுதியோடு வந்து உதட்டை வெடிக்கவைத்த அந்தக் குளிர்காற்று வடக்கே திரும்பி மூன்று வாரமாகிவிட்டது. மழை வர இன்னும் நாளிருக்கிறது. நடுவில் வெயில் மட்டும்தான். அந்த நேரம் பார்த்து, கூரை வேலை நடந்துகொண்டிருந்த புதுச் சந்தைக் கட்டடத்துக்கு எதிரே கூடாரம் போட்டான் நாபாரி. திரும்பிப் போன கடைசிக் காற்றின் வாலைப் பிடித்து இழுத்துக் குடுக்கைக்குள் தள்ளினானாம். காற்றுக்கு வால் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. என்ன விலை என்று கேட்டார்கள்.

எங்கள் நாட்டுப் பணத்தில் இருபது சீடி நோட்டு ஒன்று. ஒரு வெள்ளைத் துணிக் கீற்றைக் குடுக்கையின் வாய்க்குள் விடுவான். கண்ணை மூடுவான். உடம்பை நடுக்குவான். எடுத்துக் கழுத்தில் கட்டுவான். கட்டியதுமே ஜில்லென்று இருக்கும். பொய் சொல்லக் கூடாது, இருந்தது. நானும் ஒன்று கட்டிக்கொண்டேன். மோசடியைச் சோதிப்பதற்காகத்தான். நான்கு நாள் விடாமல் சோதித்தேன்.

எங்கள் குடும்பம் கூரைக்காரர் குடும்பம். தகரம் வருமுன் புல் வேய்ந்தவர்கள். எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கூரையிலிருந்து ஓணான் இறங்கினால் ஆளும் இறங்க வேண்டும். வெயில் காய்வதற்கென்றே பிறந்த பிராணி அது. அதுவே ஓடும் நேரத்தில் மனிதனுக்கு அங்கே என்ன வேலை? இறங்கி, வேப்பமர நிழலில் தண்ணீர் குடித்து, வெயில் சாய்ந்ததும் ஏறுவோம். எங்கள் வீட்டில் எவனும் வெயிலுக்குச் செத்ததில்லை. ஏணியிலிருந்து விழுந்து செத்திருக்கிறார்கள். அது கௌரவமான சாவு.

அந்தக் கட்டுப்பாட்டை என் தம்பி இசஹாக்கு காற்றில் பறக்கவிட்டான். சந்தைக் கூரைக்கு அவன்தான் மேஸ்திரி. அவன் கழுத்தில் துணியைப் பார்த்து அவன் ஆட்கள் எல்லோரும் கட்டினார்கள். எல்லோர் கழுத்தையும் பார்த்து ஒப்பந்தக்காரர் ஃபுசேனி அகமகிழ்ந்து போனார்.

“குளிர்காத்தே கழுத்துல இருக்கு. அப்புறம் நிழல் எதுக்குப்பா?”

உச்சி வேளை ஓய்வு போயிற்று. மறுநாள் தண்ணீர்ப் பீப்பாயும் போயிற்று.

செவ்வாய்க்கிழமை இசஹாக்கு கூரைமேல் மயங்கிச் சரிந்தான். வியர்வை நின்று தோல் கொதித்தது. குறுக்குச் சட்டத்தில் சட்டை மாட்டிக்கொண்டதால் கீழே விழவில்லை. இறக்கிப் படுக்கவைத்ததும் நாபாரி வந்து நாடி பார்த்தான்.

“ஒண்ணு பத்தல. இந்த உடம்புக்கு ரெண்டு கட்டணும்.”

கண்ணைத் திறந்ததும் என் தம்பி காசைத்தான் தேடினான். எங்கள் ரத்தம் என்று சொல்ல வாய் கூசுகிறது.

அன்று சாயங்காலம் அவன் மனைவி சனாட்டு என்னிடம் வந்தாள். ஷியா மரக்கொட்டையிலிருந்து வெண்ணெய் எடுத்து விற்பவள். மூத்தவர் முன் உட்காருகிற மரியாதையோடு குந்தி உட்கார்ந்தாள். பேச்சில் அந்த மரியாதை இல்லை.

“பெரியவரே, நாளைக்கு உச்சியில முகட்டுத் தகரம் அடிக்கணுமாம். இன்னொரு தடவ மயங்குனா அவரு நேரா தரைக்குத்தான் வருவாரு. நீங்க தடுங்க.”

“நான் சொன்னா கேப்பானா?”

“எப்படிக் கேப்பாரு? உங்க கழுத்துலயும் ஒண்ணு தொங்குதே.”

அங்கியின் கழுத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் உச்சி. ஓணான்கள் இறங்கிவிட்டன. இசஹாக்கு ஏணியில் கால் வைத்தான். சனாட்டு வந்து ஏணியை மறித்தாள். ஒரு தகரத்துண்டை வெயிலில் போட்டு, பானைத் தண்ணீரில் இறுகவைத்திருந்த இரண்டு வெண்ணெய் உருண்டைகளை அதன்மேல் வைத்தாள்.

“குடுக்கைக்காரரே, ஒரு உருண்டைக்கு உங்க துணிய சுத்துங்க. இன்னொண்ணுக்கு என் பழைய முக்காட்டுக் கிழிசல். உங்களது கரையாம நின்னா என் புருசன் ஏறட்டும்.”

நாபாரி சிரித்தான். “வெண்ணெய்க்கு நம்பிக்கை கிடையாதும்மா. நம்புனாத்தான் குளிரும்.”

“ஜனவரியில அந்தக் காத்து அடிச்சப்ப என் வெண்ணெய் கல்லா இறுகிச்சே. அப்ப நம்பிக்கை எங்கேருந்து வந்துச்சு? என்கிட்டயா கடன் வாங்குச்சு?”

கூட்டம் சிரித்தது. நாபாரி வேறு வழியில்லாமல் துணியைச் சுற்றினான். வெண்ணெய் வியர்த்தது. இன்னொன்று சுற்றினான். பிறகு மூன்றாவது. எங்கள் ஊரில் எந்த வெண்ணெய்க்கும் அவ்வளவு உபசாரம் நடந்ததில்லை. இரண்டு உருண்டையும் ஒன்றாகவே கரைந்து, ஒன்றாகவே தகரத்தில் ஓடின.

சனாட்டு துணியை முகர்ந்தாள். குடுக்கையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். காற்று வரவில்லை. ஈரப் பஞ்சும் இரண்டு டப்பா தலைவலித் தைலமும் விழுந்தன. விரலில் தைலத்தை எடுத்து, பக்கத்தில் நின்ற ஒப்பந்தக்காரர் கழுத்தில் அப்பினாள்.

“ஜில்லுன்னு இருக்கா?”

“இ... இருக்கு.”

“அப்ப நீங்க ஏறுங்க.”

ஃபுசேனி ஏணியைப் பார்த்தார். அவருக்குச் சட்டென்று வேறு வேலை ஞாபகம் வந்தது. நாபாரி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

“என்னைய மட்டும் மாட்டிவிட்டுப் போறீங்களே. கூடாரம் யாரு போட்டது? தைலம் யாரு வாங்கிக் குடுத்தது?”

கூட்டம் இப்போது சிரிக்கவில்லை. இசஹாக்கு ஏணியிலிருந்து காலை எடுத்தான். இரண்டு துணிகளையும் அவிழ்த்தான்.

“பீப்பா வரட்டும். வெயில் சாயட்டும். அப்புறம் ஏறுறேன்.”

“மழை வந்துட்டா?” என்றார் ஃபுசேனி.

“வந்தா உங்க சிமெண்டு நனையும். நான் உசுரோட இருப்பேன்.”

பீப்பாய் அரை மணியில் வந்தது.

இப்போது மழை தொடங்கிவிட்டது. நாபாரி வேறொரு ஊரில் இடியைப் பானைக்குள் பூட்டித் தாயத்து விற்கிறானாம். அதைக் கட்டிக்கொண்டு, மின்னல் வெட்டும்போதும் வயலை விட்டு வராமல் ஆட்கள் களை பறிக்கிறார்களாம். பருவத்துக்குப் பருவம் அவன் ஒருவன் உட்கார்ந்து யோசிக்கிறான். வாங்குகிறவர்களே, உயிர் உங்களுடையது. ஒரு பருவமாவது நீங்களும் யோசித்துப் பாருங்கள்.