வாத்துத் தலைக் குடை யாருடையது

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையை அட்டைப் படத்திலிருந்து கடைசிப் பக்கத்து மூட்டுவலித் தைல விளம்பரம் வரை ஒரு எழுத்து விடாமல் படிக்கிற கிழவி எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்களும் உங்கள் வீட்டாரும் அச்சாபீஸில் வேலை செய்கிற பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். முன்பு ஒரு தடவை, உங்கள் தொடர்கதையில் செத்துப்போன மாமனார் அடுத்த வாரமே எழுந்து வந்து காபி குடிக்கிறார் என்று உங்களுக்கு எழுதினேன். நீங்கள் பதில் போடவில்லை. மாமனாரும் மறுபடி சாகவில்லை. அதை நான் மறக்கவில்லை. ஆனால் இப்போது எழுதுவது அதைப் பற்றி அல்ல.

'சின்ன வயதில் கற்ற பெரிய பாடம்' என்று போட்டி வைத்தீர்களே, அதில் முதல் பரிசு வாங்கினாரே ஓய்வு பெற்ற அதிகாரி, படத்தில் தாடையில் கை வைத்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவன் என் கூடப் பிறந்த தம்பி. அவன் என்ன எழுதியிருக்கிறான் என்பது உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூட வாசலில் மழையில் நடுங்கிய ஒரு சிறுவனிடம் 'என் குடையை நீட்டினேன். நான் நனைந்தேன். என் மனம் நனையவில்லை. கொடுப்பதன் இன்பத்தை அன்று கற்றேன்.' இதைப் படித்துவிட்டு என் மருமகள் மூக்கை உறிஞ்சுகிறாள்.

"மாமா என்னமா எழுதியிருக்கார் அத்தை, எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"அந்தக் குடை என்னோடதுடி."

"யாரோடதா இருந்தா என்ன அத்தை, பாடம்தானே முக்கியம்."

அன்றைக்கு அவள் போட்ட காபியை நான் தொடவில்லை. மறுநாள் குடித்தேன், தலைவலி தாங்கவில்லை.

ஐயா, நடந்ததைக் கேளுங்கள். அந்தக் குடை என் அத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. விடுமுறை பூராவும் அவளுடைய இரட்டைப் பிள்ளைகளை இடுப்புக்கு ஒன்றாகச் சுமந்ததற்குக் கொடுத்தது. கைப்பிடி வாத்துத் தலை மாதிரி இருக்கும், சிவப்பு மூக்கு, ஒரு கண்ணில் மட்டும் சாயம் போயிருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்தில் குடையை வகுப்புக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், தரை ஈரமாகும் என்று. வாட்ச்மேன் அறைக்கு வெளியே ஆணி அடித்து வைத்திருப்பார்கள், அதில்தான் மாட்ட வேண்டும். எங்கள் அம்மா போட்ட சட்டம் என்னவென்றால், ஒரே குடையில் இரண்டு பேரும் வரணும், யார் முதலில் வெளியே வருகிறார்களோ அவர்கள் மற்றவருக்காக அங்கேயே நிற்கணும். அன்றைக்கு அவனுடைய வாத்தியாருக்குப் பல்வலி, வகுப்பைச் சீக்கிரம் விட்டுவிட்டார், இவன் முதலில் வந்தான். நின்றானா? அந்த நடுங்கிய சிறுவன் யார் என்று அவன் எழுதவில்லை பாருங்கள். எங்கள் தெருவிலேயே தோல் பந்து வைத்திருந்த ஒரே பையன் அவன். அவனிடம் குடையை நீட்டிவிட்டு இவன் நனையவும் இல்லை ஐயா. அதே குடைக்குள் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு போய், சாயங்காலம் வரை அவன் வீட்டு வராந்தாவில் பந்து உருட்டியிருக்கிறான். நான் வெளியே வந்து பார்த்தால் ஆணி மொட்டையாக நிற்கிறது. வாட்ச்மேன், "உன் தம்பி அப்பவே எடுத்துட்டுப் போயிட்டானே பாப்பா" என்றார். நான் நனைந்தேன். என் மனமும் நனைந்தது, பாவாடையும் நனைந்தது, பையிலிருந்த புத்தகமும் நனைந்தது.

காய்ச்சல் வந்து படுத்தவள் வருடப் பரீட்சைக்குப் போகவில்லை. அதே வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்கள். அடுத்த வருடம் தம்பியும் அந்த வகுப்புக்கு வந்து சேர்ந்தான். எங்கள் அப்பா பார்த்தார். "ஒரே பாடத்தை ஒரே வீட்ல ரெண்டு பேர் எதுக்குப் படிக்கணும். அவன் படிச்சிட்டு வந்து இவளுக்குச் சொல்லித் தரட்டும்" என்றார். என் படிப்பு அத்தோடு போயிற்று. அவன் இன்னும் சொல்லித் தரவில்லை. காத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பந்துக்காரன் அப்பாவுக்கு வேலை மாற்றல் வந்து வேறு ஊருக்குப் போனபோது குடையும் கூடவே போய்விட்டது.

சரி, நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று பஸ் ஏறி அவன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கண்ணாடி அலமாரி. அதற்குள்ளே, நீங்கள் பரிசாக அனுப்பின குடை, பிளாஸ்டிக் உறையோடு, குழந்தையைத் தூங்கவைத்த மாதிரி. ஐயா, போட்டிக்கு வந்த கட்டுரையில் குடை இருக்கிறது என்று பரிசும் குடையாகக் கொடுத்திருக்கிறீர்களே, அந்த யோசனை சொன்னவரை நான் பார்க்க வேண்டும்.

"வா அக்கா, கட்டுரை படிச்சியா?"

"படிச்சேன். குடை யாருது?"

"எந்தக் குடை?"

"எழுதினவன் நீ, எந்தக் குடைன்னு நான் சொல்லணுமா?"

"அக்கா, அது இலக்கியம். அதுல குடைங்கிறது வெறும் குடை இல்ல."

"பின்ன என்ன, வாளியா?"

தம்பி பெண்டாட்டி நல்ல மாதிரி. காபித் தம்ளரோடு ஓடி வந்து, "கோவிச்சுக்காதீங்க அண்ணி, முதல்ல உங்களைப் பத்தியும் எழுதித்தான் இருந்தார். இடம் போதலைன்னு எடுத்துட்டார்" என்றாள். சமாதானம் பண்ணுகிறாளாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தும் என்னை அப்படித்தானே எடுத்தார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை தம்பியின் குடியிருப்பில் அவனுக்குப் பாராட்டு விழாவாம். மேடையில் பரிசுக் குடையைப் பிடித்துக்கொண்டு கட்டுரையை வாசிப்பானாம். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்ட வேண்டுமாம். இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே மழை பிடித்துக்கொண்டது. வீட்டிலிருந்த இன்னொரு குடைக்குக் கம்பி உடைந்திருந்தது. அவன் "விட்டதும் போகலாமே அக்கா" என்று இழுத்தான். தம்பி பெண்டாட்டிதான் அலமாரியைத் திறந்து பரிசுக் குடையை என் கையில் கொடுத்தாள். வாசல் வரை தம்பி உறையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து குடையை விரித்துக் கொடுத்தான்.

"பத்திரம் அக்கா. உதறிட்டு மடக்கு. பஸ்ல விட்டுடாதே."

"உன்னை மாதிரி தெருவில போறவன்கிட்ட நீட்ட மாட்டேன், போ."

பஸ் ஏறும்போது யாரோ மடக்கிக் கொடுத்தார்கள். பட்டனைத் தொட்டால் தானாக விரியும் என்று ஒரு வார்த்தை சொன்னானா? பஸ்ஸுக்குள் உட்கார்ந்து உறையைப் போடப் போனால் படாரென்று விரிந்து, முன் சீட்டுக்காரர் மடியிலிருந்த முட்டை அட்டையைத் தட்டிவிட்டது. அவர் என்னைத் திட்ட, நான் மடக்கத் தெரியாமல் திணற, கண்டக்டர் வந்து நின்றார்.

"பாட்டி, பஸ்ஸுக்குள்ள மழை பெய்யல."

"மேல பாருப்பா."

மேலே பார்த்தார். சொட்டு ஒன்று சரியாக அவர் நெற்றியில் விழுந்தது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். முட்டைக்காரர் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, பிறகு மெல்ல நகர்ந்து என் குடைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஆகையால் ஐயா, நான் கேட்பது ஒரே ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வருகிற இதழில், கட்டம் கட்டி, கண்ணாடி போடாமல் படிக்கிற மாதிரி எழுத்தில், 'அந்தக் குடை அவருடைய அக்காவுடையது' என்று போடுங்கள். இடம் இருந்தால் 'அவர் நனையவும் இல்லை' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அது வரும் வரை இந்தக் குடையை நான் திருப்பித் தரப்போவதில்லை. போட்டி முடிந்துவிட்டாலும் என் பாடத்தையும் எழுதிவிடுகிறேன். அடுத்தவர் குடையைத் தானம் கொடுக்கிறதற்கு முன்னால் அடுத்தவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

உங்கள் பத்திரிகை மேலும் மேலும் விற்கட்டும், உங்கள் கண்பார்வை கடைசி வரை மங்காமல் இருக்கட்டும், தொடர்கதை மாமனாருக்கும் ஒரு நல்ல முடிவு கிடைக்கட்டும் என்று வாழ்த்துகிற,

முதல் பரிசுக்காரனின் அக்கா

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டி, காலையில் பரிசுக் குடையைப் பிடித்துக்கொண்டு தபால் பெட்டிக்குப் போனேன். நல்ல மழை. பூட்டின கடை வாசலில் ஒரு பெண், பள்ளிக்கூடச் சீருடை, பையை வயிற்றோடு கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டு நின்றாள். "ஏம்மா போகலையா?" என்றேன். "பரீட்சை பாட்டி, மணி ஆச்சு, நனைஞ்சா எல்லாம் போயிடும்" என்றாள். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கை நீட்டிவிட்டது. "எங்க கொண்டுவந்து தரணும் பாட்டி?" என்று கேட்டாள். "முதல்ல போய் எழுது" என்றேன். பேர் கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. பட்டனைப் பற்றி மட்டும் சொல்லி அனுப்பினேன்.

தபாலையும் போடாமல் வீட்டுக்கு வந்து தலை துவட்டுவதற்குள் தம்பி போன் பண்ணினான்.

"அக்கா, குடை?"

"மழையில நடுங்கின ஒரு பொண்ணுகிட்ட நீட்டிட்டேன்டா."

"அது என் குடை அக்கா."

"யாரோடதா இருந்தா என்ன, பாடம்தானே முக்கியம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதனால் ஐயா, நனைந்துபோன உறையைப் பிரித்து இதைச் சேர்த்து எழுதுகிறேன், திருத்தம் எதுவும் போட வேண்டாம். அவன் எழுதினது இப்போது உண்மையாகிவிட்டது. குடை அவனுடையது, நடுங்கின பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது, என் மனமும் அவன் சொன்ன மாதிரி நனையாமல்தான் இருக்கிறது. நனைந்தது மட்டும் இந்தத் தடவையும் நான்தான்.