என் புருவத்தைத் தின்ற வேற்றுக்கிரகவாசி

பேய்ப்படம் பார்த்துப் பயப்படுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கொடுத்த காசுக்கு அவர்களுக்குப் பயமாவது கிடைத்துவிடுகிறது. எனக்கு அந்தப் பாக்கியம் ஒருநாளும் வாய்த்ததில்லை. ஒவ்வொரு தடவையும் ‘இந்தப் பேயாவது நம்மைக் கைவிடாது’ என்று நம்பித்தான் போவேன். இடைவேளைக்குள் அதுவும் கைவிட்டுவிடும்.

அதிலும் குறைந்த செலவில் எடுத்த பேய்ப்படம், வேற்றுக்கிரகப் படம் என்றால் எனக்கு உயிர். ஒரு படத்தில் செவ்வாய் கிரகத்தில் இறங்கிய விண்வெளி வீரருக்குப் பின்னால் ஆடு ஒன்று நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது. (ஆட்டுக்கு ஆக்சிஜன் தேவையில்லைபோல.) இன்னொன்றில், நூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன பேயின் மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டிய வெள்ளைத் தடம். இதையெல்லாம் வீட்டுக்கு வந்து குடும்ப வாட்ஸப் குழுவில் பத்தி பத்தியாக எழுதுவேன். யாரும் கேட்டதில்லை. ஆனாலும் எழுதுவேன்.

இந்த விமர்சனங்களில் அதிகம் அடிபட்டவன் அஜீஷ். என் சித்தி மகன், என்னைவிட ஒரு வயது இளையவன். திருவட்டாற்றில் சின்ன ஸ்டூடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுக்கிறவன். மீதி நேரத்தில் சொந்தமாகப் பேய்ப்படம் எடுத்து இணையத்தில் போடுவான். அவன் படத்தை முதலில் பார்ப்பது நான்தான். பல சமயம் கடைசியாகப் பார்ப்பதும் நான்தான். ஒவ்வொரு தடவையும் “எப்படி அண்ணே?” என்று கேட்டுவிட்டு என் வாயையே பார்ப்பான். “லேய், பேய்க்க சேலையில வண்ணான் குறி தெரியுகுலே” என்பேன். முகம் சுருங்கிப் போவான். ஒருநாள்கூட ‘நல்லா இருக்கு’ என்று நான் சொன்னதில்லை. உண்மையைச் சொல்வது கலைக்குச் செய்யும் தொண்டு என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். பெண் விஜி, தக்கலைக்காரி. அவளுடைய அப்பா அங்கே பாத்திரக்கடை வைத்திருந்தார். அவர் சிரித்து விஜியே பார்த்ததில்லை என்று சொல்வார்கள். தவலை வாங்க வருகிறவர்கள் அதைத் தட்டிப் பார்ப்பதுபோல என்னையும் பார்வையாலேயே தட்டிப் பார்த்து, ஓட்டை ஒடிசல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டுதான் சம்மதித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாலிகட்டு.

அந்த வாரத்தில்தான் அஜீஷ் வீட்டுக்கு வந்தான். ரப்பர் தோட்டத்தில் வேற்றுக்கிரகவாசி ஒருவன் வந்து விழுவதுதான் அவனுடைய புதுப்படக் கதை. அந்த வேற்றுக்கிரகவாசிக்காகக் காகிதக் கூழில் செய்த முகமூடி ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். பார்க்கச் சக்கைப்பழம், அதாவது முள்ளுமுள்ளான பலாப்பழம் போலிருந்தது.

“என்னதுலே இது? வேற்றுக்கிரகத்துல இருந்து வந்தவனா, பண்ருட்டியில இருந்து வந்தவனா?” என்றேன்.

அவனுக்கு அன்றைக்குப் பொறுக்கவில்லை. “எப்பம் பாத்தாலும் கொறை. அப்ப நீ செஞ்சு காட்டு அண்ணே. காட்டு பாப்போம்!”

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி வாயை மூடிக்கொண்டு சாயா குடித்திருப்பான். நான் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினேன்.

எங்களுக்குத் திற்பரப்பு பக்கம் கொஞ்சம் ரப்பர் உண்டு. அப்பாதான் மரத்தைக் கீறிப் பால் வெட்டுவார். அன்று காலை எடுத்த பால் வாளியில் அப்படியே இருந்தது. எனக்குப் பளிச்சென்று யோசனை வந்தது. வெளிநாட்டுப் படங்களில் ராட்சத முகம் செய்வதே ரப்பர் பாலில்தான் என்று எங்கோ படித்திருந்தேன். அவர்கள் காசு கொடுத்து வாங்குவது நம் வீட்டில் வாளி வாளியாகக் கிடக்கிறது! சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் கையில் ரப்பர் பாலைப் பூசி, காயவிட்டு, உறைபோல உரித்து எடுத்து விளையாடியவர்கள். தோல் போலவே சுருக்கமும் கோடுமாக வரும். வலியே இருக்காது.

“முகத்துலயே நேரா பூசிரலாம். ஒனக்க வேற்றுக்கிரகவாசி நான்தான்” என்றேன்.

அஜீஷ் தயங்கினான். “கல்யாண மாப்பிளையாக்கும் அண்ணே. அம்மைக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுருவா. புருவத்துலயாவது வல்லதும் எண்ணெய் தேய்க்கண்டாமா?”

“லேய், நான் பால் வெட்டுகவனுக்க மவன். எனக்கு நீ ரப்பர் படிப்பிச்சுத் தாறியா?”

பாலை உறையவைத்து ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் பூசினான். ஒரு பூச்சு, மின்விசிறிக் காற்று, மறுபடி ஒரு பூச்சு. இடையிடையே பஞ்சைப் பிய்த்து ஒட்டிக் கட்டியும் முட்டியுமாக மேடுபள்ளம் உண்டாக்கினோம். மேலே பச்சைச் சாயம். கண்ணாடியைக் காட்டினான். சத்தியமாகச் சொல்கிறேன், நான் பார்த்த அத்தனை படங்களிலும் அப்படி ஒரு வேற்றுக்கிரகவாசி இல்லை. உரிந்து தொங்கும் கன்னம், வெந்த நெற்றி, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு விபத்து. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பயம் வந்தது. ஆனந்தமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா இரண்டு தம்ளரில் சாயாவோடு வந்தாள். நான் ரப்பர் மரத்துக்குப் பின்னாலிருந்து கையை விரித்துக்கொண்டு உறுமியபடி பாய்ந்தேன். அஜீஷ் கேமராவை ஓடவிட்டிருந்தான்.

அம்மா நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “லேய் தாணு, சாயா ஆறிப்போவும். குடிச்சிட்டு ஆடு” என்று தம்ளரை நீட்டினாள்.

பெற்றவளைக்கூடப் பயமுறுத்த முடியாத துக்கத்தோடு, சாயா குடிக்க வசதியாக வாய்ப்பக்கத்து ரப்பரைக் கொஞ்சம் இழுத்தேன். மீசை கூடவே வந்தது. கண்ணில் நட்சத்திரம் தெரிந்தது.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. சின்ன வயதில் ரப்பர் பால் வலிக்காமல் உரிந்ததற்குக் காரணம் ரப்பர் பால் அல்ல. அப்போது எங்கள் கையில் ரோமமே கிடையாது. அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் என் முகத்தில் என்னென்ன முளைத்திருக்கிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். சோப்பு நுரை போட்டார்கள். அஜீஷ் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் நான். “மெல்ல, மெல்ல” என்று நான் அலற, “மெல்ல இழுத்தாத்தான் நோவும், ஒரே இழுப்பு, கண்ணை மூடு” என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. உரித்தெடுத்த முகமூடி கொட்டகைத் தரையில் மல்லாந்து கிடந்தது. அதன் உள்பக்கத்தில் என் இரண்டு புருவங்களும் அழகாக, வில்லுப்போல, ஒரு முடி குறையாமல் ஒட்டியிருந்தன.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான், அந்த நாளில் முதல்முறையாக, “அய்யோ!” என்று அலறினாள்.

புருவம் இல்லாத மனிதனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மீசையை மழித்தால் ‘ஸ்டைல்’ என்று சொல்லிக்கொள்ளலாம். தலையை மொட்டையடித்தால் நேர்ச்சை என்று சொல்லலாம். புருவத்தை எந்தச் சாமிக்கும் யாரும் நேர்ந்துகொண்டதாகக் கேள்விப்பட்டதில்லை. அவித்த முட்டையில் கண் வரைந்ததுபோல இருந்தேன். கல்யாணமோ ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளைக்கு ஏதோ சீக்கு, மறைத்துவிட்டார்கள் என்று ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும். தவலையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மனிதர் திருப்பிக் கொடுக்கவும் தயங்கமாட்டார்.

விஜிக்குப் போன் செய்தேன். “ஒரு சின்ன விஷயம். சொன்னா கோவப்படப்பிடாது.”

“வேற பொண்ணா?” என்றாள்.

“இல்ல. புருவம்.”

முழுக்கதையையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “ரெண்டும் போச்சா?” என்றாள். “ரெண்டும்.” “அப்ப நல்லதாப் போச்சு. ஒண்ணு மட்டும் போயிருந்தாத்தான் கஷ்டம்.” இந்தப் பெண்ணை விட்டுவிடக் கூடாது என்று அந்த நிமிடமே முடிவுசெய்தேன். அவளுக்கு அலங்காரம் செய்ய வரும் பெண்ணே எனக்கும் மையால் புருவம் வரைந்துவிடுவாள், அப்பாவிடம் பக்குவமாகப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

வரைந்த புருவம் அசலைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் மண்டபத்துப் புழுக்கத்தையும் ஓமப்புகையையும் யாரும் யோசிக்கவில்லை. மணவடையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வியர்வை கண்ணில் இறங்கியது. பழக்க தோஷம், தோளில் கிடந்த பட்டுத் துண்டால் ஒரு துடை துடைத்தேன். வலது புருவம் துண்டுக்குப் போய்விட்டது. இடது புருவம் கன்னம்வரை வழிந்தது. முன்வரிசையில் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை வீறிட்டு அழுதது. (நான் பயமுறுத்திய முதல் உயிர் அதுதான்.)

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். எழுந்தார். மேளக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். மேளம் நின்றது. மணவடைக்கு வந்து என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

“மாப்பிளே, புருவம் எங்க?”

மண்டபமே காது கொடுத்துக்கொண்டிருந்தது. “ரப்பர் பால்ல போச்சு மாமா. சினிமாவுக்காக்கும்” என்றேன்.

“சினிமாவுக்கா?”

“வேற்றுக்கிரகவாசி வேஷம், மாமா.”

அவர் விஜியைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. “எனக்கு முன்னயே தெரியும்பா. சீக்கெல்லாம் இல்ல, வெறும் கிறுக்குதான். நான் சமாளிச்சுக்கிடுவேன்” என்றாள். அதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் எனக்கு இன்றுவரை யாரும் தந்ததில்லை. மாமனார் இன்னொரு தடவை என்னைப் பார்வையாலேயே தட்டிப் பார்த்துவிட்டு மேளக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். தாலி கட்டினேன்.

இறங்கிப் போகும்போது அவர் கேமராவோடு நின்ற அஜீஷிடம், “வீடியோவுல புருவம் இருக்கணும், கேட்டியா? சொந்தக்காரனுவ பாக்கப்பட்டதாக்கும்” என்றார். “கிராபிக்ஸ்ல போட்டுத் தாறேன் மாமா, ஒருத்தருக்கும் தெரியாது” என்றான் அஜீஷ். இந்தப் பையனுடைய கிராபிக்ஸ் எனக்குத் தெரியும்.

வீடியோ தயாரானதும் மாமனார் வீட்டுக் கூடத்தில் சொந்தபந்தம் எல்லோரும் உட்கார்ந்து டிவியில் பார்த்தோம். தொடக்கத்தில் பாதகமில்லை. புருவம் இருந்தது. ஆனால் நான் தலையைத் திருப்பினால், அது கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னாலேயே வந்தது. மாலை மாற்றும்போது ஒரு புருவம் என் காதுக்குப் போய்விட்டுத் திரும்பியது. அக்கினியை வலம் வரும்போது நான் ஒரு தூணைக் கடந்தேன். புருவங்களுக்குக் கடக்க மனமில்லை, தூணிலேயே தங்கிவிட்டன. கூடத்தில் யாரோ இருமினார்கள். பிறகு ஆசீர்வாதக் காட்சி. நான் மாமனார் காலில் விழக் குனிந்தேன். நான் மட்டும்தான் குனிந்தேன். புருவம் இரண்டும் நின்ற இடத்திலேயே, மாமனாருடைய வெள்ளைச் சட்டையில், சரியாகத் தொப்பையின் மேல் நின்றன. அவர் மூச்சு விடும்போது தொப்பை ஏறி இறங்கியது. அது என்னைப் பார்த்து ஆச்சரியப்படுவதுபோலவே இருந்தது.

கூடம் மூச்சடக்கிக்கொண்டு மாமனாரைத் திரும்பிப் பார்த்தது.

அவருடைய தோள்தான் முதலில் குலுங்கியது. பிறகு ஏதோ உலோகத்தை உருட்டுவதுபோல ஒரு சத்தம். சிரிப்பு! துண்டால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. “அந்த எடத்தை இன்னொருக்கப் போடு மக்கா” என்றார். போட்டார்கள். “இன்னொருக்க.” அப்பா சிரிப்பதைப் பார்த்து விஜிக்குக் கண் கலங்கிவிட்டது.

அஜீஷ் மட்டும் வாசல் நிலையோடு ஒட்டி நின்றான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி நிறுத்தி, அந்தப் புருவங்களைக் கையால் ஒட்டியிருக்கிறான். இத்தனை வருடமாக நான் வாட்ஸப்பில் கிழித்துத் தொங்கவிட்ட அத்தனை பேய்களும் இப்படித்தான் யாரோ ஒருவன் தூக்கம் கெட்டுச் செய்தவை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

“கொள்ளாம்லே மக்கா” என்றேன். “அந்த வயித்துக் காட்சி ஒண்ணாந்தரம்.”

“அது அறியாம வந்துட்டு அண்ணே” என்றான். ஆனாலும் முகம் மலர்ந்துவிட்டது.

எனக்குப் புருவம் சில மாதங்களில் முளைத்துவிட்டது. பேச்சுதான் அதன்பிறகு முளைக்கத் தொடங்கியது. மாமனார் கடையில், பிடி ஆடுகிற பாத்திரத்தைக் கையில் எடுத்தால், “அது வேண்டாம், தாணுவுக்க புருவமாக்கும், வேற எடுங்க” என்று வாங்க வந்தவர்களிடமே சொல்ல ஆரம்பித்தார். நேர்மையான வியாபாரி. வீட்டில் கதவுத் தாழ்ப்பாள் கழன்றால் தாணுவுக்க புருவம். சுவரில் காலண்டர் சாய்ந்தால் தாணுவுக்க புருவம். என் மகள் முதல் பல் ஆடியபோது அதையேதான் சொன்னாள்.

போன மாதம் தக்கலையில் பைக்கைப் பழுதுபார்க்க விட்டேன். முன்பின் தெரியாத மெக்கானிக். கம்பியால் கட்டி வைத்திருந்த மட்கார்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இதென்ன தாணுவுக்க புருவமால்லா இருக்கு?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஆரு அந்தத் தாணு?” என்று கேட்டேன்.

“ஆருக்குத் தெரியும்? பண்டு இருந்த ஆளு ஆரோ. இஞ்ச எல்லாரும் சொல்லுகதாக்கும்” என்றபடி ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். “பேரு சொல்லுங்க.”

“அஜீஷ்” என்றேன்.