மாப்பிள்ளையின் தவளைகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய்

அன்பும் பொறுமையும் (முக்கியமாகப் பொறுமை) நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை, வீடு, வாசல், ஜன்னல் கதவு எல்லாம் நலம். அங்கே காட்டில் நீங்களும் தவளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போன் எட்டாத இடம் என்பதால், கல்லூரியிலிருந்து சாமான் ஏற்றி வரும் ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு கொடுக்கும்படி டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். சாப்பிட்டாயிற்றா? உட்கார்ந்துதானே படிக்கிறீர்கள்?

உங்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று, நாலு வருடமாகப் பதிவு செய்த தவளைச் சத்தம் அத்தனையும் அடங்கிய ஹார்டு டிஸ்க்கை என்னை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனீர்கள். "மாமா, இதுக்கு வேற காப்பி கிடையாது, அடுத்த மாசம் ஆய்வேட்டோட கொடுக்கணும்" என்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது. அதனால்தான் இந்த வீட்டில் யாரும் கை வைக்காத இடமாகப் பார்த்து, என் ரிப்பேர் மேஜையில், தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். மெஷின் ஓடினால் மேஜை ஆடும் என்பது முப்பத்தாறு வருடமாக மெஷின் ரிப்பேர் செய்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு வந்த மெஷின் லெதர் தைக்கிற மெஷின், அசுரப் பிறவி. நான் பெடலை மிதிக்க, உங்கள் டிஸ்க் தானாகவே பொடிநடையாக நடந்துபோய், மேஜை ஓரத்தில் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கீழே குதித்தது.

பதறிப்போய், கீழ்வீட்டு டிவி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். டக், டக், டக் என்று சத்தம். எனக்கு உயிர் வந்தது. மாப்பிள்ளை, அது தையல் மெஷினில் நூல் பாபின் சிக்கிக்கொண்ட சத்தம்! எத்தனை ஆயிரம் பார்த்திருப்பேன். "கடையில கொடுத்துடலாம்ங்க" என்றார் அவர். "நானே ஒரு கடைதானேய்யா" என்றேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

"அப்படின்னா ரெண்டு மணி நேரம் ஃப்ரீசர்ல வைங்க, இரும்பு சுருங்கி விட்டுக்கொடுக்கும்" என்றார். பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் டிஸ்க்கைக் காணோம். முன்னறையில் உங்கள் அத்தை காலை நீட்டி உட்கார்ந்து, வீங்கிய முழங்காலில் எதையோ துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். "என்னங்க ஐஸ் பேக் வாங்கியிருக்கீங்க, மூலையெல்லாம் குத்துது" என்றாள். நாலு வருடத் தவளைகளும் அவள் முழங்காலில்! "வேற வாங்கித் தரேன்மா" என்று அவிழ்த்து எடுத்துக்கொண்டேன். வலி குறைந்திருக்கிறது என்றும், இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்றும் கிளம்பிப் போனாள்.

இனி திறந்துவிட வேண்டியதுதான். ஸ்க்ரூ எல்லாம் நட்சத்திர வடிவம், நம்மிடம் எந்த டிரைவரும் சேரவில்லை. பழைய டிரைவர் ஒன்றை அரத்தால் ராவி ராவி ஆறு முனை கொண்டுவந்தேன். கடைசி ஸ்க்ரூ ஒரு ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருந்தது. கிழித்தால் கேரண்டி கிடையாது என்று அதில் போட்டிருந்ததாம். கேரண்டி போன வருடமே முடிந்துவிட்டதால் தைரியமாகக் கிழித்தேன். உள்ளே ஒரு வட்டத் தட்டு, கண்ணாடி தோற்றுப்போகும் மாப்பிள்ளை! என் முகம் தெரிந்தது. தலை கலைந்திருந்தது, சரிசெய்துகொண்டேன். சின்னக் கை ஒன்று தட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. உங்கள் அத்தை புருவம் எடுக்கிற சாமணத்தால் நோகாமல் தூக்கி, ஓரமாக விட்டேன். தூசியை வாயால் ஊதினேன். கொஞ்சம் எச்சில் பட்டது, அதைப் பனியனால் துடைத்துவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கை கேட்கவில்லை மாப்பிள்ளை. மூடுவதற்கு முன்னால் எண்ணெய் விடாமல் நான் ஒரு மெஷினையும் மூடியது கிடையாது. ஒரே ஒரு சொட்டுதான், நல்ல மெஷின் எண்ணெய். "அய்யய்யோ, என்னங்க பண்றீங்க!" என்று டிவி மெக்கானிக் அலறினார். அலறின அலறலில் என் கை ஆடி, இன்னும் நாலு சொட்டு விழுந்துவிட்டது. அந்த நாலுக்கு அவர்தான் பொறுப்பு.

சொன்னால் நம்பமாட்டீர்கள், மாட்டினதும் சுற்றியது! டக் டக் இல்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. திரையில் வெறும் நம்பராக ஆயிரத்துச் சொச்சம் பதிவுகள் வந்தன. ஒவ்வொன்றாகத் தட்டினோம். ஒன்றும் வாய் திறக்கவில்லை. கடைசியாக ஒன்று திறந்தது பாருங்கள், அடேயப்பா, என்ன கம்பீரம்! அடித்தொண்டையில் ஆரம்பித்து, ஏறி, நின்று, ஒரு விசில் விட்டு இறங்குகிறது. "இது ராஜா தவளைங்க" என்று டிவி மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு நிமிடத்துக்கு மேல் கேட்கத் தாங்காமல் நிறுத்திவிட்டோம். இப்படியொரு தவளையை உலகம் கேட்டிருக்காது. ஆயிரம் போனாலும் இந்த ஒன்றே உங்களுக்குப் பட்டம் வாங்கித் தரும் என்பது என் தாழ்மையான கருத்து. நம் பெண்ணிடம் இன்னும் சொல்லவில்லை, முதலில் உங்களிடம் சொல்வதுதான் முறை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். கொசுவலை கட்டிப் படுக்கவும். நீங்கள் டாக்டர் பட்டத்தோடு, கோபம் இல்லாமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தலைகுனிந்தாலும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். உங்கள் அத்தை டாக்டரிடமிருந்து வந்தாள். பெருமையாக ராஜா தவளையைப் போட்டுக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் முழங்காலே மறந்துவிட்டது. "முழுசா கேட்டீங்களா?" என்றாள். கேட்டோம். இரண்டாவது நிமிடத்தில் அவள் குரல்: "ஏங்க, திரும்பிப் படுங்க, மாப்பிள்ளை வந்திருக்காருல்ல." அப்புறம் உங்கள் குரல்: "பரவாயில்லை அத்தை, மைக் டெஸ்ட் பண்றேன்." போன வருடம் நீங்கள் வந்திருந்தபோது நான் குட்டித் தூக்கம் போட்ட மதியம் அது.

ஆக, மாப்பிள்ளை, ஒரு தவளையும் பிழைக்கவில்லை. நான்தான் பிழைத்திருக்கிறேன். நாலு வருட உழைப்பு, நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது. மன்னிச்சிடுங்க. அடுத்த வார ஜீப்பில் நானும் வருகிறேன். எந்தக் குளம் என்று காட்டினால் போதும், மறுபடி முதலிலிருந்து மைக்கை நான் பிடிக்கிறேன். கரையில் தூங்கமாட்டேன் என்று உங்கள் அத்தை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யப் போனேன். அவள் தலையை நகர்த்திக்கொண்டாள்.