ராசிங்காபுரத்தில் வாங்கிய மூன்று மிதி

எதையும் பாதி தெரிந்துகொண்டவுடன், மீதியைச் செய்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்று கிளம்புகிற புத்தி எனக்கு. வீட்டு ரேடியோவை அப்படித்தான் பிரித்தேன். அது அதன் பிறகு பாடவே இல்லை. ரேடியோவோடு நிறுத்தியிருந்தால் தேவலை. எழுபதுகளின் கடைசியில், கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில், என் சொந்த முதுகில் கை வைத்தேன்.

போடிநாயக்கனூரில் அப்பாவுக்கு ஏலக்காய்க் கடை. நான் பிறந்ததிலிருந்து அந்த வாசனையிலேயே வளர்ந்தவன். உடம்பும் ஏலக்காய் எடைதான். சட்டை மாட்டிக்கொண்டு நடந்தால் சட்டை மட்டும் தனியாக நடந்து போகிற மாதிரி இருக்கும். 'பெண் வீட்டில் பார்த்தால் பயந்துவிடுவார்கள்' என்று அம்மா கவலைப்பட்டதால், காதர் அண்ணன் நடத்திய உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். காதர் அண்ணன் பகலில் மலைத் தோட்டங்களுக்கு ஜீப்பு ஓட்டுவார். விடியற்காலையில் சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் எங்களை ஓட்டுவார். என்னைவிட நாலைந்து வயசுதான் மூத்தவர்.

எனக்கு அங்கே எல்லாமே அதிசயமாக இருந்தது. தண்டால் எடுத்தால் நெஞ்சு வலிக்கிறது, சரி. மறுநாள் சிரித்தால் வயிறு ஏன் வலிக்கிறது? பலம் என்பது கறியில் இருக்கிறதா, நரம்பில் இருக்கிறதா? ராத்திரி தூங்கும்போது அது எங்கே போகிறது? நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். காதர் அண்ணன் எல்லாக் கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில் வைத்திருந்தார்.

"தம்பி, மொதல்ல நாலு பஸ்கி போட்டு ஒடம்பச் சூடாக்கு. எதத் தூக்குனாலும் முட்டிய மடக்கித் தூக்கு. முதுக மடக்காத. மூச்ச அடக்காத. மத்தத அப்புறம் பேசுவம்."

ஒரு மாதம் போனது. கண்ணாடியில் பார்த்தேன். சட்டை பழையபடி தனியாகத்தான் நடந்தது. ஆனால் உள்ளுக்குள் ஏதோ சேர்ந்திருக்கிறது என்று எனக்கு உறுதியாகப் பட்டது. அது எவ்வளவு, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் ராசிங்காபுரத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். அப்பா, அம்மா, நான். ஜீப்பு காதர் அண்ணனுடையது, ஓட்டி வந்ததும் அவரே. எனக்குக் கஞ்சி போட்டு வெளுத்த வேட்டி, அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. பெண்ணின் பெயர் வேலுத்தாய். நல்ல குடும்பம், கிணற்றுப் பாசனம், பத்தாவது வரை படித்த பெண். பிடித்திருந்தால் அன்றைக்கே வெற்றிலைத் தட்டை மாற்றிவிடுவது என்று இரண்டு பக்கமும் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் பெரியப்பா மட்டும் வந்து சேர வேண்டும். அவர் வாக்கு இல்லாமல் அந்த வீட்டில் ஓர் ஆட்டைக்கூட விற்க மாட்டார்களாம்.

உள்ளே ஜமுக்காளம் விரிக்கப் போனார்கள். நடுக்கூடத்தில் ஓர் ஆட்டுரல் இடைஞ்சலாக இருந்தது. பெண்ணின் அப்பா வாசலைப் பார்த்து, "ஏப்பா, ரெண்டு பேரு வாங்க, இதத் தள்ளி வைக்கணும்" என்றார்.

எனக்குள் மணி அடித்தது. ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கல்லாகவே எதிரில் உட்கார்ந்திருக்கிறது.

"எதுக்கு மாமா ஆளு? நான் வைக்கிறேன்."

(பெண்ணையே இன்னும் பார்க்கவில்லை, அதற்குள் 'மாமா'. அந்த வயசு அப்படி.)

காதர் அண்ணன் சொன்னது எல்லாம் ஞாபகம் வரத்தான் செய்தது. ஆனால் பெண் வீட்டு நடுக்கூடத்தில் நின்று, உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து பஸ்கி போட முடியுமா? முட்டியை அகட்டி மடக்கலாம் என்று பார்த்தால் கஞ்சி வேட்டி இடம் கொடுக்கவில்லை. மீறி மடக்கினால் பெண் வீட்டார் பார்க்கக் கூடாததைப் பார்க்க நேரும். ஆகவே மானத்தைக் காப்பாற்றி, முதுகை வளைத்து, மூச்சை அடக்கி, ஆட்டுரலைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன்.

ஆட்டுரல் அசையவில்லை. இடுப்பில் மட்டும் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கையை எடுத்துவிட்டேன். நிமிர முடியவில்லை. தலை தரையைப் பார்க்க, கைகள் தொங்க, சரியாகப் பெண்ணின் அப்பா காலுக்கு நேரே மடிந்து நின்றேன்.

அவர் நெகிழ்ந்து போனார். "நல்லா இருங்க மாப்ளே. எந்திரிங்க."

நான் எழுந்திருக்கவில்லை.

"போதும் மாப்ளே, எந்திரிங்க. இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பணிவா?"

என் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொங்கலுக்குக்கூட அவர் காலில் நான் விழுந்ததில்லை. பெண்ணின் அத்தை ஓடி வந்து திருநீறு பூசினார். அவர் காலும் என் கண்ணுக்கு நேரே வந்ததால், அவரையும் கும்பிட்ட கணக்காயிற்று.

"மாமா," என்றேன் தரையைப் பார்த்து. "நான் கும்புடல. இடுப்பு பிடிச்சுக்கிருச்சு."

வாசலிலிருந்து காதர் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார்.

"முட்டிய மடக்குனியா?"

"இல்லண்ணே."

"மூச்சு?"

"அடக்கிட்டேண்ணே."

"அப்பக் கெட," என்று சொல்லி, என்னைப் பக்குவமாகச் சாய்த்து ஜமுக்காளத்தில் குப்புறப் படுக்க வைத்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் மூன்று முறை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள். அத்தை அந்தப் பேச்சைத்தான் எடுத்தார். "எதுக்கு அலையணும்? ஊருக்கே மிதிக்கிறவ உள்ளதான இருக்கா."

உள்ளே இருந்தது வேலுத்தாய்.

அம்மா பதறிவிட்டார். "கட்டிக்கப் போற பிள்ள மேல பொண்ணு காலு படலாமா? அடுக்குமா?"

பெண்ணின் அப்பாவும் தலையைத் தொங்கப் போட்டார். காதர் அண்ணன்தான் நியாயம் சொன்னார். "இன்னும் தட்டு மாத்தலயே தாயி. இப்ப இவன் மாப்ள இல்ல, நோயாளி."

இப்படியாக, பெண் பார்க்கப் போன நான் முதலில் பார்த்தது இரண்டு பாதங்களை. மருதாணி வைத்த, தோட்டத்தில் நடந்து பழகிய, உறுதியான பாதங்கள். அவை உடனே மிதிக்கவில்லை. மேலிருந்து கேள்வி வந்தது.

"நடுவுல வலிக்குதா, பக்கத்துலயா?"

"பக்கத்துல."

"காலுக்கு எறங்குதா? மரத்துப் போகுதா?"

"இல்ல. எறங்குனா என்ன?"

"எறங்குனா மிதிக்க மாட்டேன். மதுரைக்குக் கொண்டு போகச் சொல்லிருவேன். ஒருத்தர மிதிச்சு அது கூடிப்போச்சு."

எனக்கு வலி கொஞ்சம் மறந்தது. "நெசமாவே மிதிச்சாக் கேக்குமா?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "பாதிப் பேருக்குக் கேக்குது. ஆனா அவுக பேசாமப் படுத்துக் கெடந்திருந்தாலும் கேட்டிருக்கும்னு தோணும். மிதிச்ச கையோட மம்பட்டியத் தூக்குறவுக திரும்பி வந்துருவாக."

"அப்ப எதுக்கு மிதிக்கிறீங்க?"

"கூப்புடுறாக, மிதிக்கிறேன். மூச்ச விடுங்க."

என்னை மாதிரியே எதையும் குடைந்து பார்க்கிற இன்னொரு ஆளை நான் அதுவரை சந்தித்ததில்லை. முகத்தைப் பார்க்கத் தலையைத் திருப்பினேன். அதற்குள் மூன்று மிதியும் முடிந்துவிட்டது. முதல் இரண்டும் பூ மாதிரி. மூன்றாவது மிதியில், எங்கள் ஊர்ச் சந்தை இரைச்சலையும் தாண்டிக் கேட்கிற அளவுக்குக் கத்தினேன்.

காதர் அண்ணன் தூக்கி நிறுத்தினார். நின்றேன். அடடா, நேராக நின்றேன். வேலுத்தாயின் முகத்தையும் அப்போதுதான் பார்த்தேன். ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, கேட்டதா கேட்கவில்லையா என்று என்னைக் கவனித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் வேட்டியைச் சரி செய்யக் குனியப் பார்த்தேன். முடியவில்லை. இதுவரை நிமிர வரவில்லை, இப்போது குனிய வரவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா வந்தார். தேவாரம் என்கிற ஊர்ப் பக்கம் அவர் தோட்டத்தில் யானை புகுந்து வாழையை அழித்திருந்தது. அந்தக் கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. எல்லோரும் எழுந்தார்கள். அப்பா என் விலாவில் இடித்து, "கால்ல விழுடா" என்றார்.

நான் மின்கம்பம் மாதிரி நின்று, கையை மட்டும் கூப்பினேன்.

பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன, பையன் வெறச்சுக்கிட்டு நிக்கிறான்? டவுன் திமிரா? பெரியவகளுக்குக் குனியத் தெரியாதவன் நமக்கு எதுக்கு? வேற எடம் பாப்பம்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

எனக்கு அந்தப் பெண் வேண்டும் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. அவளிடம் கேட்க இன்னும் எத்தனையோ இருந்தது. பெண்ணின் அப்பா ஜமுக்காளத்தின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். தன் பெண் மாப்பிள்ளையை மிதித்ததை எந்த அப்பா அண்ணனிடம் சொல்வார்?

கதவோரத்திலிருந்து வேலுத்தாய் சொன்னாள்:

"பெரியப்பா, அவுக மேல குத்தமில்ல. நான் மிதிச்சதுல அப்பிடி நிக்கிறாக."

பெரியப்பா திரும்பினார். ஆட்டுரலைப் பார்த்தார், ஜமுக்காளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மீசை துடித்தது. அது கோபம் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்பு. யானை, வாழை எல்லாம் மறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மிதியும் வாங்கியாச்சு. இனிமே அவன் எங்க போவான்? தட்டை மாத்துங்கப்பா."

தட்டு மாற்றினோம். குனிய முடியாததால் எனக்குரிய வெற்றிலையை என் வாய் உயரத்துக்குத் தூக்கிக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு மாதம் வெறும் நடை, பிறகு பஸ்கி, அதன் பிறகே இரும்பு என்று காதர் அண்ணன் திரும்ப ஆரம்பித்தார். கல்யாணத்துக்குப் பிறகு வேலுத்தாயும் வீட்டுக் கொல்லையில் என்னோடு சேர்ந்து செய்தாள். அன்றைக்குக் கேட்டது மிதியா, தானாகவே விட்டுப்போனதா என்று இன்னும் எங்களுக்குள் முடிவாகவில்லை. கேட்டால், "நீங்க எந்தப் பாதியோ, யாருக்குத் தெரியும்" என்பாள்.

போன வருஷம் எங்கள் கடைசிப் பெண்ணைப் பார்க்க மதுரையிலிருந்து வந்தார்கள். ஜாதகம், சம்பளம் எல்லாம் பேசி முடித்து, "நீங்க ஏதாவது கேக்கணுமாம்மா?" என்று பையனின் அப்பா மரியாதையாக வேலுத்தாயைக் கேட்டார். அவள் பையனைப் பார்த்து, சிரிக்காமல், "குனிஞ்சு நிமிர வருமா தம்பி?" என்றாள். எங்கள் வீட்டுக் கூட்டம் மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடியது. பாவம், அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்தார், எழுந்தார், முட்டியை ஒழுங்காக மடக்கி, மூச்சு விட்டுக்கொண்டே ஒரு பஸ்கி போட்டுக் காட்டினார்.

அவர்தான் இன்று எங்கள் மாப்பிள்ளை.