பாகில் ஒட்டிய சேவல்கள்

போஸ், க்யூபெக்
தவக்காலம், வெள்ளிக்கிழமை

பாசமிக்க அக்கா யுகெத் அவர்களுக்குத் தம்பி ரொசேர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

உன் முறிந்த கால் கூடிவருவதாக என் மனைவி பெர்நாண்ட் போனில் சொன்னாள். ஆண்டவர் புண்ணியம். அவள் உனக்கு ஒத்தாசையாக அங்கேயே இருப்பதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. இங்கே நானும் நாயும் நலம். சமையலறையைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை.

விஷயம் இதுதான். இந்த வாரம் ராத்திரி உறைபனியும் பகலில் வெயிலுமாக அடித்ததில் மேப்பிள் மரமெல்லாம் குழாய் திறந்த மாதிரி சாறு கொட்டுகிறது, ஆனால் காட்டுக்குள் இருக்கிற நம் பாகுக் கொட்டகையின் கூரை பனிப் பாரத்தில் உட்கார்ந்துவிட்டது, சாறு காத்திருக்குமா, இரண்டு நாள் போனால் புளித்துவிடும், அதனால் பாகு காய்ச்சும் பெரிய தட்டை வீட்டு அடுப்பிலேயே ஏற்றிவிட்டேன். நாற்பது வாளி கொதித்தால் ஒரு வாளி பாகு என்று சின்ன வயதிலிருந்தே நமக்குத் தெரியும். மிச்சம் முப்பத்தொன்பது வாளி எங்கே போகும் என்று யாராவது யோசித்தோமா? கொட்டகையில் ஆவியாகிக் கூரை வழியாகப் போய்விடும். வீட்டில் அது சுவருக்குப் போனது. மதியத்துக்குள் அம்மா என் கல்யாணத்துக்குத் தன் கையால் ஒட்டித் தந்த சேவல் படச் சுவர்க் காகிதம் மேலிருந்து மெதுவாகக் கழன்று என் தலையிலேயே முக்காடு போட்டது. அதைப் பிடிக்கப் போன நேரத்தில், நுரை பொங்காமல் இருக்கத் தட்டுக்கு மேலே நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த பன்றிக் கொழுப்பை, இறைச்சி தொடக் கூடாத தவக்கால வெள்ளிக்கிழமை என்றும் பாராமல் நாய் எட்டித் தின்றுவிட்டது. அப்புறம் என்ன, பொங்கிற்று. அடுப்பு, தரை, என் செருப்பு எல்லாம் ஒரே பாகு.

பக்கத்து வீட்டு ஓவீத் புகையைப் பார்த்து ஓடிவந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். "என்ன அண்ணே, கோழிப் பண்ணை மொத்தமும் குப்புற விழுந்து கெடக்கு?" என்றான். "வாய மூடிட்டு இந்த ஓரத்தப் பிடிடா" என்றேன். "அண்ணி வந்தா உங்களையும் சேத்து ஒட்டிடுவாங்க" என்று ஒரு சிரிப்பு வேறு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. அந்தச் சேவல்கள் மேல் பெர்நாண்டுக்கு எவ்வளவு பிரியம் என்று உனக்குத் தெரியாது. வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் தண்ணீர் பட்டால் காகிதம் கெடும் என்று ரொட்டித் துண்டால் ஒவ்வொரு கொண்டையையும் துடைப்பாள். என் முகத்தை ஒருநாள் அப்படித் துடைத்ததில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அவை முறைக்கிற முறைப்பில் எனக்கு சூப் தொண்டையில் இறங்கியதே கிடையாது. அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது அவள் மனம் உடைந்தால் நான் எங்கே போய் நிற்பேன்?

கடையில் பசை இல்லை. பாகைத்தான் முட்டைக்கும் பீன்ஸுக்கும் பன்றித் தொடைக்கும் ஊற்றுகிறோம், சுவருக்கு ஊற்றினால் என்ன என்று தோன்றியது. மிட்டாய்ப் பதம் வரும்வரை காய்ச்சி, கொஞ்சம் மாவும் கலந்து ஒட்டினோம். அடேயப்பா! அம்மாகூட இப்படி ஒட்டியதில்லை. கீழ் வரிசைச் சேவல்களை நாய் நக்கி நக்கிக் கால்கள் போய்விட்டன, அங்கே பெஞ்சை நகர்த்திப் போட்டிருக்கிறேன். ஆகவே அவளை நாளைக்கே தாராளமாக அனுப்பி வை. அவளிடம் மூச்சு விடாதே.

உன் கால் இன்றே, இப்பொழுதே குணமாகி நீ எழுந்து நடக்கும்படி ஆண்டவரை மன்றாடும்,
உன் அன்புத் தம்பி,
ரொசேர்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது போன் வந்தது. ஓவீத்தின் வாயில் எது நின்றிருக்கிறது? மறுமுனையில் பெர்நாண்ட் விம்முகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள்! "எல்லாமே விழுந்துடுச்சாங்க? ஒண்ணுகூட மிச்சம் இல்லையே? அப்பாடா! உங்கம்மா ஆசையா ஒட்டினதாச்சே, உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான் இத்தனை வருஷம் தொடச்சுத் தொடச்சு வச்சேன். அதுங்க முறைக்கிறதுல எனக்கு சூப்பே எறங்காது. மஞ்சள் பெயிண்ட் வாங்கிட்டேன், நாளைக்கு சாயங்கால பஸ்ல வர்றேன்" என்றாள். திரும்ப ஒட்டியதை மட்டும் ஓவீத் சொல்லவில்லை போலிருக்கிறது, நானும் சொல்லவில்லை. போனை வைத்ததிலிருந்து சுரண்டிக்கொண்டிருக்கிறேன். சுவர் பெயர்ந்து வருகிறது, சேவல் வரமாட்டேன் என்கிறது. போனில் உன்னைக் கூப்பிட்டால் எடுப்பது அவள்தான், அதனால் இதை நாளைக் காலை பஸ்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். மேலே உன் காலுக்காக மன்றாடியதை ஆண்டவர் ஒரு வாரம் தள்ளி வைக்கட்டும். இதைக் கண்டதும், அவள் பஸ் ஏறுமுன், "ஐயோ, காலு!" என்று கத்திவிடு அக்கா, நன்றாகக் கத்து.